தாழ்ப்பாள் வெளியே இருந்தது

என் மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது கழிவறை என்றாலே பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் அப்படி இல்லை. இரண்டரை வயதிலேயே "அம்மா, வருது" என்று சொல்லத் தெரிந்தவள். மூன்று முடிவதற்குள் தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்து, முடிந்ததும் "கழுவி விடு" என்று வீடே அதிரக் கூப்பிடுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வீட்டில் சரியாகப் பழக்கவில்லை" என்று பின்னால் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முடிச்சூரில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறோம். நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கணவருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். காலையில் வேன் வந்து அழைத்துப் போகும். மாலையில் கீழ்வீட்டில் இறக்கிவிடும். நான் வரும்வரை கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

முதலில் விஷயத்தைச் சொன்னவர் வேன் ஓட்டுகிற அண்ணன்தான். ஒரு காலை, குழந்தையை ஏற்றிவிட்டுத் திரும்பிய என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒன்னு சொன்னா தப்பா நெனச்சிக்காதீங்க. பாப்பா டெய்லி சாயங்காலம் வண்டிலயே ஒன்னுக்கு போயிடுது. சீட்ட நான் கழுவிக்கிறேன், அது ஒன்னும் மேட்டர் இல்ல. மத்த புள்ளைங்க மூக்க புட்சிக்கினு சிரிக்குதுங்க. இது ஜன்னல் பக்கம் மூஞ்ச திருப்பிக்கினு உக்காந்துகீது. பாக்கவே பேஜாராகீது."

அன்று ஆய்வகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. கீழ்வீட்டு அக்கா உடை மாற்றி வைத்திருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. விளையாடி அழுக்காக்கியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். மாலையில் கேட்டபோது அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "தெனமும் நனைச்சிட்டுத்தான் வருது. நான் மாத்தி வுட்டுடறேன். உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல." மனசு கஷ்டப்படக் கூடாதாம். பெற்றவளுக்குத் தெரியக் கூடாத அளவுக்கு அது என்ன கரிசனமோ.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பி அனுப்பியபடியே திரும்பி வந்தது. வீட்டில் அவள் குளியலறைப் பக்கமே போவதில்லை. நெருக்கும்போது பால்கனித் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிவிரலில் எம்பி, முகம் சிவக்க, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். வெளியே விடுவதற்காக அல்ல, உள்ளே வைத்துக்கொள்வதற்காக. தூக்கிக்கொண்டு போனால் கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறுவாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கொண்டுபோக ஒருநாள் முயன்றேன். என் கழுத்தில் நகம் பட்டு ரத்தம் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

மலம் கழிப்பது நின்றேபோனது. பல நாள் கழித்து வரும்போது கல் மாதிரி வரும், வலியில் துடிப்பாள். அந்த வலிக்குப் பயந்து அடுத்த தடவை இன்னும் அடக்குவாள். சாப்பாடு குறைந்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? "கரண்டியக் காய வெச்சி சும்மா காட்டுங்க, தானா ஓடிப் போய் உக்காரும்" என்றார் கீழ்வீட்டு அக்கா. ஆய்வகத்தில் உடன் வேலை செய்பவர், போலீஸ்காரர் வருவார் என்று சொல்லச் சொன்னார். ஞாயிறு ஆராதனை நடுவில் மகள் பெஞ்சை நனைத்துவிட்டாள். நான் அவள் கவுனைக் கழற்றி என் துப்பட்டாவை அவளுக்குச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குனிந்து காதோரமாகச் சொன்னார்: "நல்லா ஜெபம் பண்ணும்மா. ரெண்டு அடியும் குடு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அடி இல்லாததுதான் பிரச்சனை." எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பார் என்று நினைத்தால் வயிறு எரிந்தது. மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

கணவரோ, "கொஞ்ச நாள் விடேன், தானா சரியாயிடும்" என்றார். "உங்களுக்கு மூணு நாள் வரலன்னா தானா சரியாகுமான்னு பாருங்க" என்று கத்தினேன். மறுநாளே லீவு போட்டுத் தாம்பரத்தில் குழந்தைகள் மருத்துவரிடம் எங்களை அழைத்துப் போனார்.

அந்த டாக்டர் அவசரப்படாத பெண். மகளின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் தன் இரண்டு கைகளையும் உரசிச் சூடுபடுத்திக்கொண்டார். அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள நிறைய தேங்கியிருக்கு. மொதல்ல அது வலி இல்லாம வரணும். அது நடக்காம நீங்க என்ன சொன்னாலும் அவ நம்ப மாட்டா" என்றார். மலம் இளகுவதற்கு ஒரு சிரப் எழுதினார். டக்கென்று நிறுத்திவிடக் கூடாது, சில மாதம்கூட ஆகலாம் என்றார். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும், கால் அந்தரத்தில் தொங்காமல் எதன்மேலாவது ஊன்றியிருக்க வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்ட வேண்டும் என்றார். "திட்டாதீங்க. மொகத்தக்கூட சுளிக்காதீங்க. பயந்துதான் செய்றா, வேணும்னு செய்யல." பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "ஸ்கூல்ல பாத்ரூம் எப்படி இருக்கு? போய் பாத்திருக்கீங்களா?"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சேர்க்கப் போன அன்று பள்ளியில் ஏ.சி. வகுப்பறையைக் காட்டினார்கள். சுவர் அகலத் திரையைக் காட்டினார்கள். ரப்பர் தரை போட்ட விளையாட்டு இடத்தைக் காட்டினார்கள். குழந்தைகள் எங்கே சிறுநீர் கழிப்பார்கள் என்று யாரும் காட்டவில்லை.

அன்று மாலை வீட்டில், குளியலறைக்கு வெளியே தரையில் மகளோடு உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்தே இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டலாமென்று, "இங்க பாரு செல்லம், இது நம்ம வீட்டுக் கதவு. நீ மூடவே வேணாம். தாப்பா உள்ள இருக்கு பாரு, நீயே தொறந்துக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். மிகவும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஸ்கூல்ல தாப்பா வெளில இருக்கும்மா."

"வெளிலயா? வெளில யாரு போடுவாங்க?"

"ஆயாம்மா. நான் தட்டினேன். தட்டி தட்டிப் பாத்தேன். லைட்டு இல்ல. அப்புறம் பெல் அடிச்சுது. அப்புறம் எல்லாரும் சாப்ட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டுத் தன் பொம்மை ரயிலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, குளியலறைக் கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

மகள் ஓடிவந்தாள். "என்னப்பா பண்ற?"

"இந்தக் கதவு நமக்கு வேணாம்."

"நிஜமாவா?"

"நீயே ஸ்க்ரூவ வாங்கி வெச்சுக்கோ."

ஒவ்வொரு திருகாணியாக அவள் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். கதவைத் தூக்கிப் பால்கனியில் சாய்த்துவைத்தோம். அந்த வாசலில் கொடி கட்டிப் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டேன். மறுநாள் கீழ்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வயசுல பெரியவங்க இருக்கற வூட்ல இது இன்னா கூத்து" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இனி பாத்ரூமுக்கு உங்கள் வீட்டுக்கே போய்க்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நல்லதாகவே இருந்தது.

கதவைக் கழற்றிய மறுநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை, மகளையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். வரவேற்பில் இருந்த பெண், கரஸ்பாண்டன்ட்டைப் பார்க்க முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். "அவர அப்புறம் பாக்கறேன். எல்.கே.ஜி. பிள்ளைங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றேன். அவள் முகம் மாறியது.

"பேரன்ட்ஸ் அந்தப் பக்கம் அலவ்ட் இல்ல மேடம். குழந்தைங்க சேஃப்டிக்காக."

சேஃப்டி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. "என் குழந்தைய அடைச்சு வெச்சது எந்த சேஃப்டி?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அவள் "மேடம், மேடம்" என்று பின்னாலேயே வந்தாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வாடை கொண்டுபோய் விட்டது.

மாடிப்படிக்கு அடியில், வரிசையாகக் கதவுகள். எல்லாக் கதவிலும் வெளிப்புறம், என் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். உள்ளே பார்த்தேன். உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பெரியவர்கள் உட்காரும் அளவில் கோப்பை. நான்கு வயதுக் குழந்தை அதில் உட்கார்ந்தால் உள்ளே விழும். கடைசி அறையில் விளக்கு எரியவில்லை. ஈரத் தரை. நான் உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. வெளியே வகுப்புகளின் சத்தம் மங்கலாகக் கேட்டது. இங்கிருந்து ஒரு குழந்தை தட்டினால் யாருக்கும் கேட்காது. ஒரு நிமிஷம்கூட என்னால் நிற்க முடியவில்லை.

வெளியே வந்தபோது ஆயா ஒரு சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடுத்தர வயது, முழங்கால்வரை புடவை நனைந்திருந்தது. நான் யாருடைய அம்மா என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேணும்னு பண்ல மா. நான் ஒருத்தி. மூணு கிளாஸ் புள்ளைங்க. ஒன்ன உள்ள வுட்டுட்டு இன்னொன்ன இட்டாரதுக்குள்ள இது தண்ணிய தொறந்து வுட்டுடும், இல்லனா எங்கயாவது ஓடிடும். அதான் வெளிய தாப்பா வெக்க சொன்னாங்க. அன்னிக்கி மேல ஆபீஸ்ல டீ எத்தினு வர சொல்லி கூப்ட்டாங்க. போய்ட்டேன். மறந்தே போய்ட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சோத்துக்கு உக்கார வெக்கும்போதுதான் ஒரு புள்ள கொறையுதுன்னு தெரிஞ்சிது."

"எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொல்ல வேணாம்னுட்டாங்க மா."

எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அவர் கையைப் பிடித்திருந்த பையன் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தான். "மொதல்ல அவன உள்ள விடுங்க, தாப்பா போடாதீங்க" என்றேன். அவன் வெளியே வரும்வரை நானும் நின்றேன்.

கரஸ்பாண்டன்ட் என்னை உட்காரச் சொன்னார். மிக மரியாதையான மனிதர். குளிர்பதன அறை, கண்ணாடி மேசை. நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சாரும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"சார் வீட்ல குழந்தையப் பாத்துக்கறார். என்கிட்டயே சொல்லுங்க."

"இல்ல மேடம், இது சின்ன விஷயம். உங்க பாப்பா கொஞ்சம் சென்சிட்டிவ். மத்த குழந்தைங்க எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கறாங்க. வீட்ல டாய்லட் ட்ரெய்னிங் சரியா குடுத்திருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. கொஞ்ச நாளைக்கு டயப்பர் போட்டு அனுப்புங்களேன்."

இரண்டரை வயதிலேயே பழகிய குழந்தையை அடைத்துவைத்துப் பயமுறுத்திவிட்டு, டயப்பர் போட்டு அனுப்பச் சொல்கிறார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க அந்தக் கடைசி ரூமுக்குள்ள போயிருக்கீங்களா? வாங்க. நான் வெளில தாப்பா போடறேன். சாப்பாட்டு பெல் அடிச்சதும் தொறந்து விடறேன். நீங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றேன்.

அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. சற்று யோசித்துவிட்டு, பெரிய சலுகை தருகிறவர் போலச் சொன்னார்: "சரி மேடம். அந்த ஆயாவ இன்னிக்கே நிறுத்திடறேன். போதுமா?"

அதற்குத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபம் வந்தது. மூன்று வகுப்புக்கு ஓர் ஆளை வைத்தது அவர். தாழ்ப்பாளை வெளியே வைக்கச் சொன்னது அவர். அந்த ஆளையும் டீ எடுத்துவரக் கூப்பிட்டது அவருடைய அலுவலகம். "ஆயாவ நிறுத்தினா எனக்கு என்ன கெடைக்கும்? தாப்பாவ எடுங்க. இன்னொரு ஆள வைங்க. லைட்டு போடுங்க. சின்னப் பிள்ளைங்க உக்கார்ற மாதிரி வைங்க" என்றேன். மேனேஜ்மென்ட்டில் பேச வேண்டும் என்றார். மேனேஜ்மென்ட் என்பது அவரும் அவர் மனைவியும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளி விடும்வரை வாசலிலேயே நின்றேன். குழந்தைகள் வெளியே வர ஆரம்பித்ததும், அழைத்துப் போக வந்திருந்த அம்மாக்களிடம் போய், "ஒரு நிமிஷம் தண்ணி பாட்டில எடுத்துப் பாருங்களேன்" என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒருத்தர் பையைத் திறந்து பார்த்தார். நிறைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். அதுவும் அப்படியே. "எம் பையன் வீட்டுக்கு வந்ததும் செருப்பக்கூட கழட்டாம பாத்ரூமுக்குத்தான் ஓடறான், நான் அவசரம்னு நெனச்சேன்" என்றார் ஒருத்தர். "ஏன்டா குடிக்கல?" என்று ஓர் அப்பா மகனைக் கேட்டார். "குடிச்சா ஆயாம்மா ரூமுக்குப் போணும்" என்றான் அவன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் மகளின் வகுப்பு மிஸ் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், கல்லூரி முடித்து ஓரிரு வருஷம்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "ஸாரி மேடம். சொல்லக் கூடாதுன்னாங்க. எங்களுக்கும் ஸ்டாஃப் பாத்ரூம் ஒன்னுதான், அதுவும் பாதி நாள் பூட்டியிருக்கும். நாங்களும் தண்ணி குடிக்கறதில்ல. எனக்கே ரெண்டு தடவ இன்ஃபெக்ஷன் வந்துடுச்சு" என்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். பகல் முழுக்கத் தானும் அடக்கிக்கொண்டு, பிள்ளைகளையும் அடக்கச் சொல்லும் ஒரு பெண்ணிடம் என்ன கேட்பது?

வீட்டுக்கு வந்து வகுப்பு வாட்ஸாப் குழுவில் நடந்ததை எழுதினேன். பிறந்தநாள் கேக்குக்கும் மாறுவேடப் போட்டிக்கும் கைதட்டல் படங்கள் குவிகிற குழு அது. சற்று நேரத்தில் என் பதிவு அழிக்கப்பட்டது. அதன் பிறகு அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டார்கள். தனியாகச் சிலர் செய்தி அனுப்பினார்கள். "நீங்க சொல்றது சரிதான், ஆனா நம்ம பிள்ளைங்க அங்க படிக்கணும் இல்லையா" என்று ஒருத்தர். "பெரிசு பண்ணாதீங்க" என்று இன்னொருத்தர். பெரிசு பண்ணாமல் சின்னதாகவே வைத்திருந்ததால்தான் இத்தனை பிள்ளைகளுக்குத் தொண்டை காய்ந்திருந்தது.

இத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு அன்று மாலை மகளிடம் நான் சிரித்த முகமாக இருக்க வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் புருவம் நெரிந்தால் தன்மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொள்வாள். "அம்மா, நான் எதுவும் பண்ணல" என்பாள். பால்கனியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கரஸ்பாண்டன்ட்டை மனதுக்குள் திட்டி முடித்துவிட்டு, அதன் பிறகே அவளிடம் வருவேன்.

குளியலறைக்குள் போகச் சொல்லவே இல்லை. அவள் முதலில் பழகிய பிளாஸ்டிக் மலக்கோப்பையைத் தேடி எடுத்து ஹாலில், ஜன்னலோரம் வைத்தோம். பாதம் ஊன்ற ஒரு பலகை. சாப்பிட்டதும் அவள் அதில் உட்கார வேண்டும், உடையோடேகூட உட்காரலாம். நான் எதிரே தரையில். சும்மா உட்கார அவள் ஒப்பவில்லை. ரயில் என்றால் அவளுக்கு உயிர். ஞாயிறுகளில் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ரயில் பார்ப்பதுதான் அவளுக்கு ஊர்சுற்றல். அவளே ஒருநாள், "இது பீச் ட்ரெயின். நீ பாசஞ்சர்" என்றாள்.

"எனக்கு பயமா இருக்கே, கதவு மூடிடுமா?" என்றேன்.

"பீச் ட்ரெயின்ல கதவு மூடாதும்மா. தொறந்தே இருக்கும். காத்து வரும்."

அப்படித்தான் தொடங்கியது. தாம்பரத்தில் உட்காருவாள். சானடோரியம், குரோம்பேட்டை என்று சென்னை பீச் போகும் வழியில் வரும் ஸ்டேஷன்களை நான் அறிவிப்பேன். முதல் நாட்களில் சானடோரியத்திலேயே இறங்கி ஓடிவிடுவாள். "நல்ல பயணம், நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். சிரப் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. இருந்தும் அவள் அடக்கினாள். டயப்பர் கேட்டு அழுது, திரைக்குப் பின்னால் நின்றபடி அதில் போனாள். போகட்டும், வலிக்காமல் வந்தால் சரி என்று விட்டோம். முடிந்ததும், "வலிச்சுதா?" என்று கேட்பேன். யோசித்து, "இல்ல" என்பாள். அந்த "இல்ல" அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது தெரிந்தது.

பிறகு ஒரு மாலை, குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரம் சொல்வதற்குள், அவள் கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினாள். என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. அடக்குகிறாளா, விடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் அவள் மெதுவாக எழுந்து, திரும்பிப் பார்த்து, "அம்மா, வந்துடுச்சு" என்றாள். நான் அழுதேன். "ஏன் அழுவற, நல்லாத்தானே வந்திருக்கு" என்று கோபித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ரயில் நிலையம் ஜன்னலிலிருந்து நடைக்கு மாறியது. நடையிலிருந்து புடவை தொங்கும் வாசலுக்கு. அங்கே வெகு நாள் நின்றது. ஒரு வாரம் சளிக்காய்ச்சல் வந்து எல்லாம் பின்னுக்குப் போய் மறுபடி ஹாலில் தொடங்கினோம். கடைசியில் புடவையை அவளே ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். கதவை உடனே மாட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக, பாட்டுப் பாடிக்கொண்டே குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. கணவரின் தம்பி பாட்டை நிறுத்தாமல் வெளியே வந்ததைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பள்ளி விஷயமும் சும்மா முடியவில்லை. வாசலில் பாட்டிலைத் திறந்து பார்த்த அந்த முதல் அம்மா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். அவர் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார். ஒரு சனிக்கிழமை எல்லோருமாகப் போய்க் கரஸ்பாண்டன்ட் அறையில் நின்றோம். தனியாளாக வந்த என்னிடம் டயப்பர் பேசியவர், இத்தனை பேரைப் பார்த்ததும் "நானே செய்யணும்னுதான் இருந்தேன்" என்றார். வெளித்தாழ்ப்பாள்களை எடுத்தார்கள். விளக்கு போட்டார்கள். இன்னோர் ஆயா வந்தார். அடுத்த வாரம் வாட்ஸாப் குழுவில் அட்மின் ஒரு படம் போட்டார்: புது பெயின்ட் அடித்த கழிவறை, சுவரில் கார்ட்டூன் யானை, "நம் குழந்தைகளின் சுகாதாரத்துக்காக எங்கள் புதிய முயற்சி" என்று ஒரு வாசகம். பெரிசு பண்ணாதீர்கள் என்று என்னிடம் சொன்னவர்களும் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் இருந்தது பெரிய விஷயம்.

மகளை அங்கே திரும்ப அனுப்பவில்லை. யானை வரைந்துவிட்டால் போதுமா? நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன், கணவர் இரவு ஷிஃப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், மாற்றி மாற்றி அந்த வருஷத்தை ஓட்டினோம். "ஒரு பாத்ரூமுக்காக ஒரு வருஷப் படிப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இப்போது மகளுக்கு இதெல்லாம் நினைவில்லை என்று தோன்றுகிறது. கேட்டால், "நான் சின்ன பாப்பாவா இருக்கும்போதா?" என்கிறாள். அவளுக்கு மறந்துவிட்டதே, நீ ஏன் இன்னும் சுமக்கிறாய் என்று கணவர் சொல்வார். குழந்தை மறந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பெரியவர்கள் எல்லாம் செய்கிறார்கள். யாராவது ஒருத்தர் மறக்காமல் இருக்கட்டும்.

அடுத்த ஜூனில் பெருங்களத்தூரில் ஒரு சின்னப் பள்ளியில் இடம் கேட்டுப் போனோம். தலைமை ஆசிரியை, "வாங்க, கிளாஸ் ரூம் பாக்கலாம்" என்று எழுந்தார். "மொதல்ல பிள்ளைங்க பாத்ரூம் பாக்கணும் மேடம்" என்றேன். அவர் விழித்தார். "இதுவரைக்கும் யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் யாரும் கேட்டதில்லை?

அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பளபளப்பெல்லாம் இல்லை. சிறுசு சிறுசாகக் கோப்பைகள், வெளிச்சம், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் குழாய், இடுப்பு உயரத்துக்குத் தள்ளுகதவு. ஓர் ஆயா முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தைக்கு ஜட்டியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் தலைமை ஆசிரியையும் வெளியே நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வந்தாள். ஈரக் கையை என் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது ரயிலில் போகலாமா, பஸ்ஸிலா என்று கேட்டாள்.